இரட்டைக் கண்ணாடி போட்டும் பஸ் சத்தம் போகவில்லை: இரண்டு தடவை ஜன்னல் மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். வீடு பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் அதைப் பெரிய வசதியாகத்தான் நினைத்தோம். குடிவந்த மறுநாள் விடியற்காலையில் முதல் பஸ் வந்து, எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் உறுமிக்கொண்டு நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. காதால் கேட்டது பாதி, மீதி கட்டில் வழியாக உடம்புக்குள் ஏறியது போல இருந்தது. அதற்குமேல் ஹாரன், பைக், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உலகத்துக்கே கேட்கும்படி பேசும் செல்போன் பேச்சு. ஆறு மாதம் காதில் பஞ்சை அடைத்துத் தூங்கிப் பார்த்தேன். அப்புறம் ஜன்னலை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மாற்றினோம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் தடவை போனது முழுக்க என் அவசரத்துக்குக் கொடுத்த தண்டம். நீங்களாவது அதைக் கட்டாமல் தப்பிக்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

சத்தம் என்று வாயெடுத்தாலே எல்லாரும் சொல்வது ஒன்றுதான், டபுள் கிளேஸிங் போடுங்க, அதாவது நடுவில் காற்று இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடி. நானும் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெட்டி வைத்திருந்தார்கள், உள்ளே ஒரு பஸ்ஸர், மேலே குட்டி ஜன்னல். திறந்தால் காதைத் துளைக்கிற மாதிரி கிர்ரென்று சத்தம், மூடினால் நிசப்தம். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அந்தப் பஸ்ஸர் கீச்சென்ற உச்ச ஸ்தாயி சத்தம், அதை எந்தக் கண்ணாடியும் நிறுத்தும், பஸ் எஞ்சினின் அடித்தொண்டை உறுமலை அந்தப் பெட்டிக்குள் வைத்திருந்தால் கதையே வேறு என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. ஆக, 5 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, மறுபடி 5 மி.மீ. கண்ணாடி, யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம், ஸ்லைடிங் ஜன்னல். சமையலறை தவிர வீடு முழுக்கப் போட்டாயிற்று.

போட்ட அன்று இரவு சந்தோஷமாகத்தான் இருந்தது. பேச்சுச் சத்தம் போய்விட்டது, ஹாரன் குறைந்தது. விடிந்ததும் பஸ் வந்தது. அதே உறுமல், அதே அதிர்வு. இன்னும் சொன்னால் முன்பைவிட எடுப்பாகக் கேட்டது, ஏனென்றால் அதை மூடி மறைத்துக்கொண்டிருந்த மற்ற சத்தங்கள் இப்போது இல்லை.

செலவு செய்த ஆத்திரத்தில்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. ஒரு கண்ணாடி ஆடினால் அந்த ஸ்பிரிங் மற்றதையும் ஆட்டுகிறது. நான் போட்ட அளவுக்கு இது சுமார் 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அதிர்வு) பக்கத்தில் ஒத்ததிர்வாகிறது, அதாவது அந்த ஸ்தாயியில் வரும் சத்தத்துக்கு ஜன்னலே கதவைத் திறந்துவிடுகிறது. அதற்கும் கீழே உள்ள சத்தத்துக்கு இரண்டும் ஒட்டிவைத்த ஒரே கண்ணாடி போலத்தான் சேர்ந்து ஆடும், நடுவில் இருக்கும் 12 மி.மீ. இருந்தும் இல்லாதது போலத்தான். நின்றபடி ஓடும் பஸ் எஞ்சினின் உறுமலில் பெரும்பகுதி சரியாக இந்தக் கீழ் ஸ்தாயியில்தான் இருக்கிறது. டபுள் கிளேஸிங் முதலில் வெப்பத்துக்காக வந்த சமாச்சாரம். வெப்பத்துக்கு 12, 16 மி.மீ. இடைவெளி போதும். கீழ் ஸ்தாயிச் சத்தத்துக்கு அது போதவே போதாது, 100 மி.மீ.க்கு மேல் வேண்டும்.

இன்னொரு தப்பு, இரண்டு கண்ணாடியையும் ஒரே தடிமனில் போட்டது. ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு பலவீனமான ஸ்தாயி உண்டு. 4 மி.மீ. கண்ணாடிக்கு அது 3000 ஹெர்ட்ஸ் பக்கம், 6 மி.மீ.க்கு 2000 பக்கம், 10 மி.மீ.க்கு 1200 பக்கம். அந்த இடத்தில் கண்ணாடி சத்தத்தோடு சேர்ந்து நெளிந்து அதை உள்ளே விட்டுவிடும். இரண்டும் ஒரே தடிமன் என்றால் ஒரே இடத்தில் இரண்டு ஓட்டை. ஒன்று தடிப்பாகவும் ஒன்று மெலிதாகவும் இருந்தால் ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். எந்தப் பக்கம் தடிப்பு, எந்தப் பக்கம் மெலிது என்பது சத்தத்தைப் பொறுத்தவரை பெரிய விஷயம் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும் என்று இன்னொரு ஃபிட்டரைக் கூப்பிட்டேன். வயதானவர். வந்தவர் கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளக்கை அணைக்கச் சொன்னார், தன் உதவியாளைப் பால்கனிக்கு அனுப்பி டார்ச் அடிக்கச் சொன்னார். இரண்டு ஸ்லைடிங் கதவும் நடுவில் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெளிச்சக் கோடு. அடியில் கதவு உருளும் தண்டவாளத்தின் இரு முனையிலும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.

"கண்ணாடியில என்ன சார் இருக்கு, காத்து வர்ற வழியெல்லாம் சத்தமும் வரும்," என்றார்.

எத்தனையோ பக்கம் படித்ததில் கிடைக்காதது அந்த ஒரு வரியில் கிடைத்தது. அன்று இரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஜன்னலின் பரப்பு 2 சதுர மீட்டர் என்று வையுங்கள். அதில் 1 மி.மீ. அகலத்தில் 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு இடுக்கு இருந்தால் அது மொத்தப் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, நீங்கள் எப்பேர்ப்பட்ட கண்ணாடி போட்டாலும் அந்த ஜன்னல் 30 டெசிபலுக்குமேல் (சத்தத்தை அளக்கும் அலகு) சத்தத்தைக் குறைக்காது. நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் 20 டெசிபலோடு சரி. என் வீட்டில் இருந்தது கிட்டத்தட்ட முதல் கணக்கு. அதில் போய் நான் கண்ணாடியின் தடிமனைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்லைடிங் ஜன்னலில் இது தவிர்க்க முடியாதது. கதவு உருள வேண்டும் என்றால் அடைப்பு லேசாகத்தான் இருக்க முடியும், அதனால் பிரஷ் மாதிரி மயிர்ப்பட்டைதான் வைக்கிறார்கள், சத்தத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கீல் வைத்துத் திறக்கும் கேஸ்மென்ட் ஜன்னலில் கதவு ரப்பர் கேஸ்கெட்டின்மேல் அழுந்தி மூடும். கைப்பிடியைத் திருப்பினால் மூன்று நான்கு இடத்தில் பூட்டு ஏறிக் கதவைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும். சத்தம்தான் பிரச்சினை என்றால் ஸ்லைடிங்கை மறந்துவிடுங்கள், என் தீர்ப்பு அவ்வளவுதான். இடம் இல்லை, வேறு வழி இல்லை என்றால் சரி. அதைவிட நல்லது திறக்கவே திறக்காத ஜன்னல். ஒரு பெரிய ஜன்னலில் பாதியை நிலையாக அடைத்துவிட்டு மீதியை மட்டும் திறக்கிற மாதிரி செய்தால் இடுக்கின் மொத்த நீளம் பாதியாகிறது. காற்றோட்டத்துக்கும் துடைப்பதற்கும் அந்தப் பாதி போதுமா, தீ கீ என்று வந்தால் வெளியேற வேண்டிய வழி அதுதானா என்று மட்டும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. ஒரு வாரம், எந்தச் சத்தம் எப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று குறித்து வைத்தேன். முதல் தடவைக்கு முன்பே போனில் இறக்கியிருந்த டெசிபல் ஆப்பை வைத்து, கட்டில் பக்கத்தில் அன்று அளந்த அதே இடத்தில் மறுபடி அளந்தேன். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, ஆனால் அதே போன், அதே இடம் என்றால் முன்புக்கும் பின்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். பழைய ஜன்னலோடு முதல் பஸ் நின்ற நேரத்தில் 52 காட்டியது, ஸ்லைடிங் டபுள் கிளேஸிங்குக்குப் பிறகு 47. இந்த 5 டெசிபலுக்கா இவ்வளவு செலவு என்று வயிறெரிந்தது. டெசிபல் கணக்கு நமக்குப் பழக்கமான கணக்கு இல்லை. 3 குறைந்தால் காது லேசாக உணரும், 10 குறைந்தால்தான் சத்தம் பாதியாகிவிட்டது போலத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்ன அளவு, படுக்கையறைக்குள் தொடர்ந்து வரும் சத்தம் 30 டெசிபலுக்குள், திடீரென்று வரும் ஒற்றைச் சத்தம் 45-க்குள். நான் எங்கே இருந்தேன் பாருங்கள்.

அப்புறம் கடைக்காரர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி தெரிந்தது. "இது சவுண்ட் புரூஃபா" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். ஜன்னல் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று சொல்லும் ஆர்.டபிள்யூ. (Rw) மதிப்பு என்ன, அதன் பக்கத்தில் இருக்கும் சி.டி.ஆர். (Ctr) எண் என்ன என்று கேளுங்கள். சான்றிதழில் 40, பக்கத்தில் −2, −6 என்று போட்டிருக்கும். கடைசியில் இருப்பதுதான் சி.டி.ஆர்., அது சாலைப் போக்குவரத்துச் சத்தத்துக்கான திருத்தம். ஆக பஸ், லாரிக்கு அந்த ஜன்னல் 40 இல்லை, 34தான். சில ஊர்களில் எஸ்.டி.சி. என்ற எண்ணைச் சொல்வார்கள், அது பேச்சு மாதிரிச் சத்தத்துக்குப் பொருத்தம், சாலைக்கு ஓ.ஐ.டி.சி. என்று தனியாக உண்டு. அதைவிட முக்கியம், அந்தச் சான்றிதழ் கண்ணாடிக்கு மட்டுமா, சட்டம் ரப்பர் பூட்டு எல்லாம் சேர்ந்த முழு ஜன்னலுக்கா என்று பார்ப்பது. மூன்று கடையில் கேட்டேன். இரண்டு கடையில் கண்ணாடிக் கம்பெனியின் தாளைத்தான் நீட்டினார்கள். மூன்றாவதில் முழு ஜன்னலுக்கான தாள் இருந்தது, அங்கேதான் வாங்கினேன். ஆய்வகத்தில் வந்த எண் வீட்டில் அப்படியே வராது, சில டெசிபல் குறையத்தான் செய்யும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையறைக்குப் போட்டது இது: ஒரு பக்கம் 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, 16 மி.மீ. இடைவெளி, மறுபக்கம் 8.8 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி. லேமினேட்டட் என்றால் இரண்டு 4 மி.மீ. கண்ணாடிக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலம் கண்ணாடியின் நடுக்கத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இதிலேயே சத்தத்துக்கென்று மென்மையாகச் செய்த அகூஸ்டிக் பிவிபி என்று ஒரு வகை உண்டு, பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டஃபன்ட் கண்ணாடியையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டஃபன்ட் உடையாமல் இருப்பதற்கு, உடைந்தாலும் குத்தாமல் இருப்பதற்கு. சத்தத்தைப் பொறுத்தவரை அது சாதாரணக் கண்ணாடிதான்.

எடையை யாரும் சொல்வதில்லை. கண்ணாடி ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. நான் போட்டது சதுர மீட்டருக்கு 36 கிலோ பக்கம் வந்தது. கீல் அதைத் தாங்கவேண்டும், தாங்காவிட்டால் ஒரே வருடத்தில் கதவு தொங்கி, ஒரு மூலையில் ரப்பர் அழுந்தாமல் போய், மறுபடியும் அதே இடுக்கு. கீலின் தாங்குதிறன் எவ்வளவு என்று கேட்டபோது கடைப்பையன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். பார்க்கட்டும்.

வேலை நடந்த அன்று விடுப்பு எடுத்துக் கூடவே நின்றேன். முதல் தடவை சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த விரல் அகல இடைவெளியில் ஃபோமை மட்டும் பீய்ச்சி, மேலே ஒரு பட்டியை ஒட்டி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஃபோம் மிக லேசான பொருள், அதை மட்டும் நம்பி விட முடியாது. இந்தத் தடவை அகலமான இடைவெளியில் சிமென்ட் கலவையும் குறுகலான இடத்தில் கல்பஞ்சும் (ராக்வுல்) திணித்து, உள்ளேயும் வெளியேயும் சீலன்ட் இழுக்கச் சொன்னேன். நல்ல ஜன்னலைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த அரை மணி நேர வேலைதான்.

ஆர்வக்கோளாறில் நானும் ஒன்றைக் கெடுத்தேன். சட்டத்தின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. ஆஹா, காற்று வரும் வழி என்று சிலிக்கானை வைத்து அடைத்துவிட்டேன். அது மழைத் தண்ணீர் வடிய வைத்த ஓட்டை. அடுத்த மழையில் தண்ணீர் நிரம்பி உள்பக்கம் வழிந்து தரையெல்லாம் ஈரம். ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன். அதை அடைக்காதீர்கள்.

முடிவு? படுக்கையறையில் போன் 37 காட்டியது, அதே பஸ், அதே நேரம். பத்து டெசிபல் இறக்கம். காதுக்குப் பஸ் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது போல இருந்தது. உறுமல் முழுக்க மறையவில்லை, ஆனால் எழுப்புவதில்லை.

நான் எதிர்பார்க்காதது பக்கத்து அறையில் நடந்தது. அங்கே மறுபடி புது ஜன்னல் போடப் பணம் இல்லை. அதனால் முதல் தடவை போட்ட ஸ்லைடிங் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, சுவரின் உள்விளிம்பில் இன்னொரு ஜன்னல், 6.4 மி.மீ. லேமினேட்டட் ஒற்றைக் கண்ணாடி, கீல், சுற்றிலும் ரப்பர். இரண்டுக்கும் நடுவே 12 செ.மீ. இடைவெளி. அந்த இடைவெளியின் பக்கச் சுவர்களில் சத்தம் உறிஞ்சும் பலகையை ஒட்டினோம். செலவு பாதிகூட ஆகவில்லை. ஆனால் பஸ் உறுமலுக்குப் படுக்கையறையைவிட இந்த அறைதான் மேல், போனும் 35 காட்டியது. அகலமான இடைவெளி என்ன செய்யும் என்பதை ஏட்டில் படித்ததும் காதால் கேட்டதும் அன்றுதான் ஒன்றாகச் சேர்ந்தது. இன்றைக்கு ஆரம்பத்திலிருந்து தொடங்கினால், பழைய ஜன்னலைக் கழற்றவே மாட்டேன், உள்ளே இன்னொன்று போட்டிருப்பேன். தொல்லையும் உண்டு. திறக்க இரண்டு ஜன்னலைத் திறக்கவேண்டும், நடுவில் தூசி சேர்கிறது, குளிர்ந்த காலையில் கண்ணாடியில் நீர் பூக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நல்லது, பழசைத் தொடவே வேண்டாம், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கூடத்தில் பழைய மயிர்ப்பட்டையை உருவிவிட்டு, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்த அடர்த்தியான பட்டையாக மாற்றினேன். கொஞ்சம் குறைந்தது. கூடத்துக்கு அது போதும்.

ஆர்கான் வாயு நிரப்பித் தருகிறோம் என்றார்கள். அது வெப்பத்துக்கு, சத்தத்துக்கு இல்லை. மூன்று கண்ணாடி என்றார்கள். மொத்தத் தடிமனும் இடைவெளியும் ஒன்றாக இருந்தால் மூன்றாவது கண்ணாடியால் சத்தத்தில் பெரிய லாபம் கிடையாது. கனமான திரை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தை நிறுத்தாது. பால்கனியில் செடி வைப்பது கண்ணுக்கு அழகு.

ஜன்னலை மாற்றும் முன்பே சுவரில் மற்ற ஓட்டைகளைப் பார்த்துவிடுங்கள். ஏசி குழாய் போகும் துளையைச் சுற்றி என் வீட்டில் கட்டைவிரல் நுழைகிற இடம் இருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன், மேலே வைத்த வென்டிலேட்டர் எல்லாம் திறந்த ஜன்னலுக்குச் சமம். ரப்பர் சரியாக அழுந்துகிறதா என்று பார்க்க ஒரு தாளை நடுவில் வைத்து ஜன்னலை மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் அந்த இடத்தில் பூட்டை முறுக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சத்தம் போனால் காற்றும் போகும். முதல் வாரம் காலையில் எழுந்தால் தலை பாரமாக இருந்தது, அறைக்குள் புழுக்கம். ஜன்னலை ஒரு விரல் திறந்தால் செய்த வேலை எல்லாம் வீண். கடைசியில் பஸ் பக்கம் இல்லாத பின்சுவரில், உள்ளே சத்தம் உறிஞ்சும் பஞ்சு ஒட்டிய, வளைந்து வளைந்து போகும் ஒரு காற்றுப்பெட்டியைப் பொருத்தி, மெதுவாக ஓடும் சின்ன ஃபேன் வைத்தோம். காற்று வளைந்து வந்துவிடும், சத்தம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும். வீட்டுக்குள் கேஸ் ஹீட்டரோ வேறு எரியும் அடுப்போ இருந்தால், காற்று வர வழி செய்யாமல் ஜன்னலை இறுக்கி அடைக்கவே கூடாது. எரியும்போது கிளம்பக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையும் கிடையாது, சத்தமும் கிடையாது.

வெளிச்சத்தம் அடங்கியதும் வீட்டுச்சத்தம் எழுந்துகொண்டது. மேல்வீட்டில் நாற்காலி இழுப்பதும், ஃபிரிட்ஜ் முனகுவதும் இத்தனை நாளாக எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. மேல்வீட்டுச் சத்தம் தளம், சுவர் வழியாக வருவது, அதற்கு எந்த ஜன்னலும் மருந்து இல்லை.

சமையலறை ஜன்னலை இரண்டு தடவையும் தொடவில்லை. ஒற்றைக் கண்ணாடி, ஆடும் தாழ்ப்பாள், டார்ச் அடித்தால் நாலு பக்கமும் வெளிச்சம். என் மனைவி மாற்றவிடவில்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பஸ் வந்து நிற்கிறதா என்று அவளுக்கு அங்கிருந்துதான் கேட்கிறதாம்.